திகதி முடிந்த குளிசை: போடலாமா, ஊருக்கு அனுப்பலாமா?

சனிக்கிழமை பின்னேரம் ரூ பெர்தொனேயில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் காட்சி எப்படியும் கண்ணில் படும். ஊருக்குப் பயணம் வெளிக்கிடும் ஒருவரைத் தேடிப் பிடித்து, கையில் ஒரு பையைத் திணிப்பார்கள். "தம்பி, இதில அம்மான்ர பிரசர்க் குளிசையும் ஏழெட்டுக் காட் டொலிப்பிரானும் கிடக்கு. தங்கச்சி வந்து வாங்குவா. திகதி கொஞ்சம் முடிஞ்சிட்டுது, ஆனா ஒண்டும் உடைக்கேல்லை. பரவாயில்லைத்தானே?"

அந்தத் தம்பியாக நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன். "பரவாயில்லை அக்கா" என்று சொல்லித்தான் பையை வாங்கினேன். மெற்றோவில் ஏறிய பிறகுதான், எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அந்த அம்மா அதை நம்பித்தான் பிரசருக்குப் போடப் போகிறார். அதற்குப் பிறகு இது பற்றித் தேடி வாசித்ததையும், மருந்தாளர்களிடம் கேட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. உங்கள் மருந்து பற்றிய முடிவை உங்கள் வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் கேட்டே எடுக்க வேண்டும்.

மருந்தை எறிய எங்களுக்கு மனம் வராது. அதற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. 1990களில் வடக்கின் மீதிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒரு காட் பனடோலைப் பத்திரப்படுத்தி வைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் இன்று பரிசில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். 2022இல் இலங்கையில் டொலர் இல்லாமற்போனபோது அதே பயம் திரும்பி வந்தது. தனக்கு வேண்டிய மருந்தில் 80 வீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு அது. அந்த ஏப்ரலில் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் பொதுச் சுகாதார அவசரநிலை என்றே அறிவித்தது. இங்கிருந்து எத்தனை பைகள் போயின என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதே குளிர்காலத்தில் பிரான்சிலும் பிள்ளைகளுக்கான பரசிற்றமோல் பாணிக்கும் அமொக்சிசிலினுக்கும் தட்டுப்பாடு வந்தது. அப்போது அலுமாரியின் அடியில் கிடந்த பழைய போத்தல்களை எடுத்துத் திகதி பார்த்தவர்கள் பலர்.

திகதியின் பொருள்

மருந்துப் பெட்டியின் ஓரத்தில் 'எக்ஸ்ப்' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். 06/2025 என்றால் அந்த ஆனி மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். முதலாம் திகதியோடு முடிந்துவிடாது. அந்த நாள் வரை, மூடிய பெட்டியில், சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால், மருந்தின் வலு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகாது என்பதற்கு உற்பத்தியாளர் பொறுப்பு ஏற்கிறார். பெரும்பாலான மருந்துகளுக்கு அந்த எல்லை, பெட்டியில் எழுதிய அளவின் 90 வீதம். அமெரிக்காவில் இந்தத் திகதி 1979இல் கட்டாயமாக்கப்பட்டது.

அடுத்த நாள் மருந்துக்கு என்ன நடக்கும் என்று அந்தத் திகதி எதுவும் சொல்வதில்லை. கம்பனி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குச் சோதித்திருக்கும். அதற்கு மேல் சோதிக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை, ஆர்வமும் இல்லை. "எல்லாம் கம்பனிக்காரன்ர வியாபாரம்" என்று கடைவாசலில் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான்.

இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பழைய மருந்து நஞ்சாகுமா என்பது ஒன்று. வேலை செய்யுமா என்பது மற்றது. எங்கள் ஆட்கள் பயப்படுவது முதலாவதற்கு. பயப்பட வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதற்கு.

நஞ்சாவது பற்றி எல்லோரும் எடுத்துக்காட்டும் சம்பவம் 1963இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. கெட்டுப்போன ரெற்றாசைக்கிளின் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. நிறுத்தியதும் சுகமாகியது. அந்தக் காலத்துக் குளிசையில் சேர்த்திருந்த சிற்றிக் அமிலமும் அதற்கு ஒரு காரணம் என்று கருதி, பின்னர் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். அதன் பிறகு, சாதாரணக் குளிசை ஒன்று திகதி கடந்ததாலேயே நஞ்சாகி ஆளைப் பாதித்தது என்று உறுதிப்பட்ட சம்பவங்கள் மிக அரிது. ஆகவே போன மாதம் முடிந்த டொலிப்பிரானை நேற்றுத் தெரியாமல் போட்டுவிட்டேன் என்று இரவு நித்திரை கொள்ளாமல் இருக்கத் தேவையில்லை.

இராணுவக் களஞ்சியத்தில் கண்டது

பழைய மருந்து வேலை செய்யுமா என்பதற்குப் பெரிய அளவில் பதில் கிடைத்தது அமெரிக்க இராணுவத்திடமிருந்து. அவர்களிடம் மலைமலையாக மருந்து இருந்தது. ஆண்டுதோறும் எறிந்து புதிதாக வாங்குவது கட்டுப்படியாகவில்லை. 1986இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, திகதி முடியப்போகும் மருந்துகளைச் சோதித்துத் திகதியை நீட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2006இல் வெளியான முடிவுகளின்படி 122 வகை மருந்துகளின் 3005 தொகுதிகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 88 வீதமானவை குறைந்தது ஓராண்டுக்கு நீட்டக்கூடியவையாக இருந்தன. நீட்டிப்பின் சராசரி 66 மாதங்கள், அதாவது ஐந்தரை ஆண்டுகள்.

2012இல் கலிபோர்னியாவின் நஞ்சுக் கட்டுப்பாட்டு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் இன்னும் விநோதமான ஒன்றைச் செய்தார்கள். ஒரு மருந்துக்கடையின் பின்னால் திறக்கப்படாமல் கிடந்த பெட்டிகளைச் சோதித்தார்கள். திகதி முடிந்து 28 முதல் 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அளந்து பார்த்த 14 மருந்துப் பொருட்களில் 12இல் 90 வீதத்துக்குக் குறையாத வலு இருந்தது. தேறாதவற்றில் ஒன்று அஸ்பிரின். அஸ்பிரினுக்கு ஈரம் ஆகாது; ஈரம் பட்டால் உடைந்து வினாகிரி மணக்கும். போத்தலைத் திறந்ததும் அந்தப் புளித்த மணம் வந்தால் திகதியைப் பார்க்கவே தேவையில்லை, எறியலாம்.

இந்த இரண்டையும் கேட்டதும் "அப்ப எல்லாம் போடலாம்" என்று சொல்லத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவை எந்த நிலையில் இருந்த மருந்துகள் என்று பார்க்க வேண்டும். இராணுவத்தின் பெட்டிகள் முத்திரை உடையாமல், வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய களஞ்சியத்தில் இருந்தவை. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வுகூடத்தில் தனித்தனியாகச் சோதித்த பிறகே நீட்டினார்கள். ஒரே மருந்தின் இரண்டு தொகுதிகள் ஒரே மாதிரி இருக்கவில்லை. எங்கள் சமையலறை லாச்சிக்குள் அடுப்பின் ஆவியோடு கிடக்கும் பாதிக் காட்டுக்கு அந்த 66 மாதக் கணக்கு பொருந்தாது.

அரசாங்கங்கள் திகதியை நீட்டுவது புதினமும் அல்ல. 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது தமிபுளூ குளிசையின் ஆயுளை ஐரோப்பிய மருந்து நிறுவனம் ஐந்தாண்டிலிருந்து ஏழாண்டாக்கியது. ஒவ்வாமைக்குப் போடும் எப்பிபென் ஊசி 2018இல் அமெரிக்காவில் தட்டுப்பட்டபோது, சில தொகுதிகளுக்கு நான்கு மாதம் கூட்டினார்கள். கையில் சோதனை முடிவு இருந்ததால் செய்தார்கள். எங்கள் வீட்டில் அந்த முடிவு இல்லை.

காய்ந்ததும் ஈரமானதும்

ஒரு பொது விதி பெரும்பாலும் சரியாக வருகிறது: உலர்ந்த மருந்து நிற்கும், நீர் கலந்தது நிற்காது. இதை எங்கள் சித்த வைத்தியர்கள் முன்பே வகுத்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குச் சந்தோசமான ஒரு கண்டுபிடிப்பு. சாறும் குடிநீரும் ஒரு சாமம், அதாவது மூன்று மணித்தியாலம். சூரணம் மூன்று மாதம். நெய்யும் இளகமும் ஆறு மாதம். பற்பத்துக்கு நூறு ஆண்டு. நூறு ஆண்டுக் கணக்கை இன்றைய ஆய்வுகூடம் அப்படியே ஏற்காது. உலோகம் சேர்ந்த பற்பத்தை வைத்தியர் இல்லாமல் தொடவும் கூடாது. ஆனால் வடிவத்தைப் பார்த்து ஆயுளைச் சொல்லும் முறை இன்றைய மருந்தாளரும் பின்பற்றுவதுதான்.

பிள்ளைகளுக்குத் தரும் அன்ரிபயோரிக் தூளைத் தண்ணீர் விட்டுக் கரைத்த நாளிலிருந்து பெட்டியில் உள்ள பெரிய திகதிக்கு மதிப்பில்லை. கிளவுலானிக் அமிலம் சேர்ந்த அமொக்சிசிலின் (ஒக்மென்ரின் வகை) கரைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஏழு நாள் மட்டுமே. மூத்தவனுக்குக் கொடுத்து மிஞ்சியதை இரண்டு மாதம் கழித்து இளையவளுக்குக் கொடுப்பது எங்கள் வீடுகளில் நடக்கிறது. வலுக்குறைந்த அன்ரிபயோரிக் கிருமியைக் கொல்லாது. அந்த மருந்தைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகளுக்கு இடம் விட்டுவிடும். எதற்கெடுத்தாலும் அன்ரிபயோரிக் வேண்டாம் என்று பிரான்ஸ் அரசு 2002இல் தொடங்கிய பிரசாரம் இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மனப்பாடம். வீட்டில் அம்மம்மாவுக்கும் ஒருக்கால் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கண்ணுக்கு விடும் துளிமருந்தில் பிரச்சினை வேறு. அது வலுக்குறைவதை விட, அதில் கிருமி வளர்வதே ஆபத்து. திறந்தபின் எத்தனை நாள் என்று போத்தலிலோ தாளிலோ எழுதியிருக்கும்; பலவற்றுக்கு 15 நாள், சிலவற்றுக்கு நான்கு கிழமை. திறந்த அன்றே பேனையால் திகதியைப் போத்தலில் எழுதிவிடுவது நல்ல பழக்கம்.

இன்சுலின் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், எங்கள் குடும்பங்களில் சலரோகம் இல்லாத வீடு குறைவு என்பதால். திறக்காததை 2 முதல் 8 பாகைக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பாவனையில் உள்ளதை அறை வெப்பத்தில் பொதுவாக நான்கு கிழமை வைத்திருக்கலாம். விமானத்தில் போகும்போது கைப்பையில் கொண்டு போங்கள். கீழே சரக்கறையில் உறைந்துவிடக்கூடும். மின்சாரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கென்யாவின் தடாப் அகதிமுகாமில் நிலவும் வெப்பத்தை வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டன. 25க்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு கிழமை இருந்த இன்சுலின், குளிரில் இருந்ததற்கு வலுவில் குறையவில்லை. மண்பானைக்குள் வைத்தால் வெப்பம் குறைவதையும் வேறு ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஊரில் மண்பானைத் தண்ணீர் குடித்த எங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இவை திகதி உள்ள இன்சுலினுக்கான முடிவுகள். திகதி முடிந்த இன்சுலினைப் போட்டுவிட்டுச் சீனி ஏன் இறங்கவில்லை என்று தேடுவது ஆபத்தான வேலை.

அடுத்தது நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைற்றோகிளிசரின் குளிசை. அது காற்றில் ஆவியாகிப் போகும் பொருள். அதனால்தான் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடித் தருகிறார்கள். சின்ன டப்பாவுக்கு மாற்றிக் கைப்பைக்குள் கொண்டு திரிந்தால், திகதி இருந்தாலும் மருந்து இருக்காது. பிரான்சில் இப்போது பலருக்கு விசிறும் வடிவில்தான் எழுதுகிறார்கள். அது இந்த விடயத்தில் பரவாயில்லை. ஆனாலும் சாமிப்படத்துக்குக் கீழே நாலு வருசமாக வைத்திருக்கும் ஒன்றை நம்பியிருக்க வேண்டாம்.

வலு கொஞ்சம் குறைந்தாலும் ஆளைத் தாக்கும் மருந்துகள் வேறு சில இருக்கின்றன: வலிப்புக்கு, இரத்தம் உறையாமலிருக்க, இதயத் துடிப்புக்கு, தைரொயிட்டுக்கு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு. வலிப்புக்கான கார்பமசெப்பின் குளிசை ஈரத்தில் இருந்தால் அதன் பயன் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம். குளியலறை அலுமாரியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். தைரொயிட் மருந்து பற்றி பிரான்சில் இருப்பவர்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். 2017 மார்ச்சில் லெவோதிரொக்ஸ் புதிய கலவையில் வந்தது. ஆயிரக்கணக்கானோர் உடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று முறையிட்டு வழக்குவரை போனார்கள். கலவையை மாற்றச் சொன்னதே, பழைய குளிசையின் வலு அதன் ஆயுட்காலம் முழுவதும் போதிய அளவு நிலையாக இருக்கவில்லை என்பதற்காக. திகதி முடியாத குளிசைக்கே இந்தப் பாடு என்றால், முடிந்தது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசி ஒரு விதிவிலக்கு. 2017இல் வந்த ஆய்வொன்றில், திகதி முடிந்து 1 முதல் 50 மாதம் வரை ஆன 40 ஊசிகளைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் 80 வீதத்துக்கு மேல் மருந்து இருந்தது. ஆகவே பிள்ளைக்கு மூச்சு அடைக்கிறது, கையில் இருப்பது பழையது மட்டுமே, அதன் திரவம் தெளிவாக இருக்கிறது என்றால், அதைப் போட்டுவிட்டு உடனே 15ஐ அழையுங்கள். புதியது வாங்காமல் விடுவதற்கு இது சாட்டு அல்ல.

திகதியே இல்லாத குளிசைகளும் உண்டு. ஊரில் மருந்துக்கடையில் எண்ணிக் கடதாசிப் பைக்குள் போட்டுத் தருவார்கள். பையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்பது மட்டும் இருக்கும். விடுமுறைக்குப் போய் வந்த அம்மாமாரின் பயணப்பெட்டியில் இவை கட்டாயம் இருக்கும். அட்டையிலிருந்து பிரித்த நாளோடு அந்த மருந்தின் பாதுகாப்பும் போய்விட்டது. அந்த வருத்தத்துக்கு அந்த முறை போடுவதற்கே அது. மிஞ்சினால் வைத்திருக்கக் கூடாது.

பரிஸ் வெயிலும் யாழ்ப்பாணத்து வெயிலும்

ஐரோப்பாவுக்கான மருந்தைப் பொதுவாக 25 பாகை வெப்பத்திலும் 60 வீத ஈரப்பதத்திலும் வைத்துச் சோதித்து அதன் ஆயுளை முடிவுசெய்கிறார்கள். வெப்பமும் ஈரமும் கூடிய நாடுகளுக்கு 30 பாகையும் 65 அல்லது 75 வீத ஈரப்பதமும் கணக்கு. ஆகவே லாசப்பலில் வாங்கிய பெட்டியில் உள்ள திகதி, அந்தப் பெட்டி இந்தக் காலநிலையில் இருக்கும் என்று எண்ணிப் போடப்பட்டதாக இருக்கலாம். அதே பெட்டி கடல்வழிப் பொதியில் இரும்புக் கொள்கலனுக்குள் கிழமைக்கணக்காகக் கிடந்து, பிறகு தகரக் கூரையின் கீழ் ஒரு சித்திரை மாதத்தைக் கழித்தால், பெட்டியில் இன்னும் ஓராண்டு இருப்பதாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது அந்தக் கணக்குக்குள் வராது.

பரிசும் இப்போது குளிர்ந்த ஊர் அல்ல. 2019 யூலை 25இல் இங்கே 42.6 பாகை பதிவானது. நாகத் தகட்டுக் கூரையின் கீழ் ஆறாம் மாடி அறைகளில் இருந்தவர்களுக்கு உள்ளே அதை விடக் கூடவே இருந்திருக்கும். எங்களில் பலர் இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கியது அப்படியான அறைகளில்தான். நாலைந்து நாள் வெயிலால் சாதாரணக் குளிசை கெட்டுவிடாது. 40 பாகையில் ஆறு மாதம் வைத்து நடத்தும் கடுஞ்சோதனையும் இருக்கிறது. பல குளிசைகள் அதில் தேறியவை. குளிரில் வைக்க வேண்டியவை, 25 பாகைக்கு மேல் வேண்டாம் என்று எழுதியவை, சப்போசிற்றோர் போன்று உருகுபவை, இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். உருகி மறுபடி இறுகிய சப்போசிற்றோர் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். மருந்து அதில் ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கலாம்.

அந்தப் பைக்கு வருவோம்

உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கு 1996இலிருந்து வழிகாட்டி வெளியிட்டு வருகிறது. போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதியிருக்க வேண்டும் என்பதும், ஒருமுறை நோயாளிக்குக் கொடுக்கப்பட்டுத் திரும்பிய மருந்தைத் தானம் செய்யக் கூடாது என்பதும் அதில் இருக்கின்றன. அது அமைப்புகளுக்கு எழுதியது. அம்மாவுக்கு அனுப்பும் பைக்கு அல்ல. ஆனால் காரணம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு உலகம் 4000 தொன் மருந்து அனுப்பியது. அங்கே சென்று கணக்கெடுத்தவர்கள் எல்லைகளற்ற மருந்தாளர்கள் என்ற பிரெஞ்சு அமைப்பினர். வந்தவற்றில் 60 வீதமானவை அந்நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லை. பெரும்பாலானவற்றின் எழுத்து அங்குள்ளவர்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில். கடைசியில் 600 தொன்னை அழிக்க வேண்டியிருந்தது, அதுவும் காசு செலவழித்து. எல்லோரும் நல்ல மனதோடுதான் அனுப்பினார்கள்.

பிரான்சில் இதற்கு ஒரு முடிவும் எடுத்தார்கள். முன்பு மருந்துக்கடைகளில் சேரும் மிச்ச மருந்தைப் பிரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 2007 பெப்ரவரிச் சட்டத்தின் பின், 2008இன் முடிவோடு அது நின்றது. இப்போது திரும்பி வரும் மருந்து எல்லாம் எரிக்கப்படுகிறது. "இவ்வளவு நல்ல மருந்தை எரிக்கிறாங்களே" என்று எங்கள் ஆட்கள் அங்கலாய்ப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை காட்டியது. 2010 மார்ச்சில் அங்கே பெரிய மோசடி ஒன்று வெளிவந்தது. அழிப்பதற்காகக் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, திகதியை அழித்துப் புதுத் திகதி போட்டு, மறுபடி கடைகளுக்கு விற்றிருந்தார்கள். பொலிசார் பலரைக் கைது செய்தார்கள். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் எங்கள் குடும்பங்கள், வாங்கும் பெட்டியில் திகதி சுரண்டப்பட்டிருக்கிறதா, பெட்டியின் திகதியும் உள்ளே அட்டையின் திகதியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது வீணல்ல.

ஆகவே அம்மாவுக்கு என்ன அனுப்புவது? முடிந்தால் மருந்தை அல்ல, காசையும் மருந்தின் சரியான பெயரையும் அனுப்புங்கள். பிரான்சில் 2015 தொடக்கம் வைத்தியர்கள் ஓர்தொனான்சில் மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும். டொலிப்பிரானும் பனடோலும் பெட்டிதான் வேறு, உள்ளே இருப்பது பரசிற்றமோல். அறியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. பிரசர்க் குளிசைக்கும் அப்படி ஒரு பொதுப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் படம் பிடித்து அனுப்பினால், அங்குள்ள வைத்தியர் பார்த்து அங்கேயே கிடைப்பதை எழுதலாம். அங்கே கிடைக்காத மருந்து என்றால், ஓராண்டாவது திகதி உள்ளதை, பெட்டியோடும் உள்ளிருக்கும் தாளோடும், விமானத்தில் போகிறவரிடம் கொடுங்கள். அட்டையை வெட்டித் துண்டுதுண்டாக அனுப்ப வேண்டாம். திகதி ஒரு ஓரத்தில்தான் இருக்கும், அது யாருடைய துண்டில் போகும் என்று தெரியாது.

இங்கேயே இருக்கும் சிலருக்கு வேறு காரணம் இருக்கிறது. விசாக் கிடைக்கவில்லை, கார்த் விதால் இல்லை, அதனால் நண்பனின் பழைய குளிசையைப் போடுகிறார்கள். பத்திரம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் இங்கே இருந்து வருமானமும் குறைவானவர்களுக்கு ஆ.எம்.ஏ. என்ற அரச மருத்துவ உதவி இருக்கிறது. அதுவும் இன்னும் கைக்கு வராதவர்களை லாரிபுவாசியேர் போன்ற அரச வைத்தியசாலைகளின் 'பாஸ்' பிரிவு பார்த்து மருந்தும் கொடுக்கும். லாரிபுவாசியேர் லாசப்பலிலிருந்து நடை தூரம்.

இன்னொன்றும் நடை தூரத்தில் இருக்கிறது, எங்களில் அநேகருக்குத் தெரியாமல். ரூ பெர்தொனேயிலிருந்து போபூர் சன் தெனித் தெருவுக்கு வந்து கொஞ்சம் கீழே இறங்கினால், 200ஆம் இலக்கத்தில் பெர்னான் விடால் வைத்தியசாலை. பரிஸ் நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குவது அங்கேதான். தொலைபேசி இலக்கம் 01 40 05 48 48. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். பிள்ளை பழைய பாணியைக் குடித்துவிட்டது, அப்பா மாறிக் குளிசை போட்டுவிட்டார், திகதி முடிந்ததை அளவுக்கு மேல் போட்டாயிற்று, எதற்கும் அவர்களைக் கேட்கலாம். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். பெயர், மில்லிகிராம், எத்தனை, எப்போது என்று கேட்பார்கள். ஆள் மயங்கினால் அல்லது மூச்சு முட்டினால் அங்கே அல்ல, 15.

வீட்டில் சேர்ந்து கிடப்பதைக் குப்பையிலும் கழிவறையிலும் போடாதீர்கள். எந்த மருந்துக்கடையும் வாங்கியே ஆகவேண்டும். 'சிக்லமெட்டுக்கு' என்று சொன்னால் போதும், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க மாட்டார்கள். கடதாசிப் பெட்டியையும் தாளையும் மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டு, குளிசை அட்டையையும் பாணிப் போத்தலையும் களிம்பையும் கொடுங்கள். இன்சுலின் ஊசிகளை அதற்குள் போட வேண்டாம். அவற்றுக்கென்று தனி மஞ்சள் பெட்டியை மருந்துக்கடையிலேயே இலவசமாகத் தருவார்கள்.

நான் கொண்டுபோன அந்தப் பையை யாழ்ப்பாணத்தில் தங்கச்சியிடம் கொடுக்கும்போது உள்ளதைச் சொன்னேன். டொலிப்பிரானை அவர் வைத்துக்கொண்டார். பிரசர்க் குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார். அதே மருந்து அங்கே வேறு பெயரில் கிடைத்தது.